அடுக்கு யாமலைத் தட்டையாக்கியபோது: எந்த இடத்தில் நிறுத்துவது?

பைதானில் வலைச் செயலிகள் எழுத உதவும் ஃபிளாஸ்க் என்ற சட்டகத்தில் எழுதிய ஒரு செயலியை நான் பராமரிக்கிறேன். அதற்கு ஒரே ஒரு செட்டிங்ஸ் கோப்புதான் இருந்தது. பைதான் கோப்பு. 90க்கு மேல் வரிகள், வரிக்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு. ஏழு கிளைகளுக்கு ரசீது போடுவது, இருப்புக் கணக்கு பார்ப்பது, இரவில் கிளைகளுக்கு மெயில் அனுப்புவது எல்லாம் அந்தச் செயலிதான். என் லேப்டாப், டெஸ்ட் சர்வர், லைவ் சர்வர் என மூன்று இடங்களுக்கு அந்தக் கோப்பின் மூன்று நகல்கள். ஒன்றில் திருத்தினால் மற்ற இரண்டிலும் திருத்த வேண்டும், மறந்துபோகும். பொதுவானதை ஒரு கோப்பில் வைத்து, லைவில் மாறுவதை மட்டும் இன்னொரு சின்னக் கோப்பில் வைக்கலாம், இரண்டையும் யாமலில் (பெயர்களையும் மதிப்புகளையும் உள்தள்ளி அடுக்காக எழுதும் கோப்பு வடிவம்) எழுதலாம் என்று இறங்கினேன். எழுதி முடிக்க இரண்டு நாள் ஆனது. எழுதியதைச் சரியாக்க மூன்று வாரம் ஆனது. இந்தப் பதிவு அந்த மூன்று வாரத்தைப் பற்றியது.

கோப்பின் ஒரு பகுதி இப்படி இருந்தது. நிஜத்தில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

மெயில்:
  சர்வர்: 10.0.0.12
  போர்ட்: 587
  யூஸ்_டிஎல்எஸ்: ட்ரூ

எஸ்க்யூஎல்ஆல்கெமி:
  இன்ஜின்_ஆப்ஷன்ஸ்:
    பூல்_சைஸ்: 5
    பூல்_ப்ரீ_பிங்: ட்ரூ

கிளைகள்:
  கோவை:
    எஸ்டிடி: 0422
    திறப்பு: 9:30
    மூடல்: 21:00

மனிதர் படிக்க இது நன்றாக இருக்கிறது. மெயில் சம்பந்தப்பட்டது எல்லாம் மெயிலுக்குக் கீழே. ஆனால் ஃபிளாஸ்க்கும் அதோடு சேரும் நீட்சிகளும் (மெயில், டேட்டாபேஸ் போன்றவற்றுக்கான கூடுதல் லைப்ரரிகள்) கேட்பது தட்டையான பட்டியல்: மெயில்_சர்வர், மெயில்_போர்ட், மெயில்_யூஸ்_டிஎல்எஸ். எல்லாம் கேப்பிடல் எழுத்தில், எல்லாம் ஒரே மட்டத்தில். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

முதலில் பாலமே வேண்டாம் என்று நினைத்தேன். ஃபிளாஸ்க் 2.0இல் ஃப்ரம்_ஃபைல் என்ற வசதி வந்தது. கோப்பின் பெயரையும், அதைப் படிக்கும் ஃபங்ஷனையும் கொடுத்தால் செட்டிங்ஸில் ஏற்றிவிடும். யாமலைப் படிக்கும் சேஃப்_லோட் என்ற ஃபங்ஷனைக் கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, செயலியும் எழுந்து நின்றது. டெஸ்ட் சர்வரில் ஏற்றிய அரை மணி நேரத்தில் கூட வேலை செய்யும் தம்பி வந்தான்.

"அக்கா, டெஸ்ட்ல மெயில் போகல. 25ஆம் போர்ட்ல கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வருது. நாம 25ன்னு எங்கேயுமே எழுதலையே?"

எழுதவில்லைதான். ஃபிளாஸ்க்-மெயிலுக்கு ஒன்றுமே சொல்லாவிட்டால், தான் ஓடும் அதே கணினியின் 25ஆம் போர்ட்டுக்குத்தான் போகும். அப்படியென்றால் எங்கள் கோப்பிலிருந்து ஒரு வரிகூட உள்ளே போகவில்லை என்று அர்த்தம். ஃபிளாஸ்க்கின் மூலத்தைத் திறந்து பார்த்தால் காரணம் ஒரே வரியில் இருக்கிறது. முழுவதும் கேப்பிடலாக இருக்கும் பெயர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மற்றவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. நாங்கள் சிறிய எழுத்தில் எழுதியிருந்தோம். அதற்கு அது பைதானின் ஈஸ்அப்பர் என்ற சோதனையைப் பயன்படுத்துகிறது. தமிழில் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று ஆசைக்கு ஒருமுறை சோதித்தேன். தமிழ் எழுத்துக்குப் பெரியது சிறியது கிடையாது என்பதால் அந்தச் சோதனை எப்போதும் இல்லை என்றே சொல்லும். ஆக, தமிழ்ப் பெயரில் எழுதிய எந்த செட்டிங்கும் இந்த வழியாக ஃபிளாஸ்க்குக்குள் போகவே முடியாது.

பிழை சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு இந்த வேலை முழுக்க எதிரியாக இருந்தது. முதல் சந்திப்பு இதுதான்.

சரி, தட்டையாக்கும் ஃபங்ஷனை நானே எழுதினேன். சாரம் இவ்வளவுதான் (அகராதி என்பது பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு):

தட்டையாக்கு(பகுதி, முன்னொட்டு):
  பகுதியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் மதிப்புக்கும்:
    முழுப்பெயர் = முன்னொட்டு + "_" + பெயர்
    மதிப்பு இன்னொரு அகராதியாக இருந்தால்:
      தட்டையாக்கு(மதிப்பு, முழுப்பெயர்)
    இல்லாவிட்டால்:
      விடை[கேப்பிடல்(முழுப்பெயர்)] = மதிப்பு

பார்க்க அழகாக இருந்தது. மெயில் போனது. லைவிலும் ஏற்றினோம்.

அடுத்த திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் வரிசையாக நான்கு பிழைகள். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஒன்றும் இல்லை. செவ்வாய் காலையும் அதே நான்கு. டேட்டாபேஸ் இணைப்பு அறுந்துவிட்டது என்றது பிழைச் செய்தி. எங்கள் டேட்டாபேஸ் வேறு கணினியில் இருக்கிறது, நடுவில் ஒரு ஃபயர்வால். இரவெல்லாம் சும்மா கிடக்கும் இணைப்பை அது வெட்டிவிடும். இது எங்களுக்குத் தெரிந்த விஷயம். அதற்காகத்தான் பூல்_ப்ரீ_பிங் போட்டிருந்தோம். இணைப்பைக் கையில் எடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்க்கும் வசதி அது. டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

கோப்பில் ட்ரூ என்று தெளிவாக இருந்தது. ஆனால் என் ஃபங்ஷன் அதை என்ன செய்தது? அகராதி என்று கண்டதும் உள்ளே இறங்கி, எஸ்க்யூஎல்ஆல்கெமி_இன்ஜின்_ஆப்ஷன்ஸ்_பூல்_ப்ரீ_பிங் என்று ஒரு நீளமான பெயரை உண்டாக்கி வைத்தது. அப்படி ஒரு பெயரை யாரும் தேடுவதில்லை. ஃபிளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமி தேடுவது எஸ்க்யூஎல்ஆல்கெமி_இன்ஜின்_ஆப்ஷன்ஸ் என்ற ஒரே பெயரை. அதன் மதிப்பாக ஒரு அகராதி இருக்க வேண்டும், அதை அப்படியே டேட்டாபேஸ் இணைப்புகளைக் கையாளும் இன்ஜினிடம் தூக்கிக் கொடுக்கும். நான் அந்த அகராதியை உடைத்துவிட்டேன். நான்கு பிழை ஏன் என்பதும் விளங்கியது. எங்கள் சர்வரில் நான்கு ஒர்க்கர்கள், அதாவது ஒரே செயலியின் நான்கு தனித்தனி ஓட்டங்கள். அறுந்த இணைப்பு ஒன்றைக் கண்டதும் எஸ்க்யூஎல்ஆல்கெமி அந்த ஒர்க்கரின் பழைய இணைப்புகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிதாகப் பிடிக்கும். அதனால் ஒர்க்கருக்கு ஒரு பிழை, காலையில் ஒரே ஒருமுறை.

இந்த இடத்தில் இரண்டு நாள் யோசித்தேன். தட்டையாக்குவது கடினமில்லை, யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் எழுதலாம். எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. கிளைகள் பகுதியைப் பாருங்கள். கோவை என்பது செட்டிங்கின் பெயரா? இல்லை, அது ஒரு தகவல். நாளை திருப்பூரில் கிளை திறந்தால் இன்னொரு பெயர் வரும், நிரலில் எங்கேயும் திருப்பூர் என்று எழுதியிருக்காது. மெயில்_சர்வர் அப்படி இல்லை. அந்தப் பெயரை நிரல் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்கிறது. ஆகவே எனக்குப் பிடிபட்ட விதி இதுதான்: உள்ளே இருக்கும் பெயர்களை நம் நிரல் பெயர் சொல்லிக் கேட்கும் வரை இறங்கு. கேட்காத இடம் வந்ததும் நின்று, அதை முழுதாக ஒரு மதிப்பாக எடுத்துக்கொள். இன்ஜின்_ஆப்ஷன்ஸ் அப்படி ஒரு இடம், அதன் உள்பெயர்கள் வேறொரு லைப்ரரிக்குச் சொந்தம். கிளைகள் இன்னொரு இடம், அதன் உள்பெயர்கள் தொழிலுக்குச் சொந்தம்.

இதை ஃபங்ஷனுக்கு எப்படிச் சொல்வது? யாமல் கோப்பிலேயே "இங்கே நில்" என்று ஒரு குறி போடலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. கோப்பைத் திருத்துகிறவருக்கு அந்தச் சுமை எதற்கு? அதற்குப் பதிலாக, செயலிக்குத் தெரிந்த செட்டிங்ஸ் பெயர்கள் எல்லாவற்றையும் நிரலில் ஒரு பட்டியலாக எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில் அதன் வகை: சரம் (எழுத்துத் தொடர்), முழு எண், ஆம்-இல்லை, பட்டியல், அகராதி. ஃபங்ஷன் இறங்கிக்கொண்டே போகும்போது சேர்ந்து வந்த பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் அங்கேயே நிற்கும். அடிமட்டம் வரை போயும் பட்டியலில் இல்லாத பெயராக இருந்தால் செயலியே எழாது. சர்வர் என்பதைத் தப்பாக எழுதினால் இப்போது "மெயில்_சவர் என்று எதுவும் இல்லை, மெயில்_சர்வர் என்று எழுத நினைத்தீர்களா?" என்று கேட்கும். பைதானோடு வரும் டிஃப்லிப்பில் நெருங்கிய சொல்லைத் தேடும் ஃபங்ஷன் தயாராக இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

அடுத்தது பெயர் மோதல். பேக்கப் எடுப்பது தவறினால் மெயில் வர வேண்டும். வரவே இல்லை. கோப்பில் ஒருவர் பேக்கப் என்ற பகுதிக்குள் மெயில்_டூ என்று எழுதியிருந்தார். வேறொருவர் கீழே பேக்கப்_மெயில் என்று தனிப் பகுதி திறந்து அதற்குள் டூ என்று எழுதியிருந்தார், பழைய முகவரியோடு. தட்டையாக்கினால் இரண்டும் பேக்கப்_மெயில்_டூ. பின்னால் வந்தது முன்னால் இருந்ததை அழித்துவிட்டது. ஒட்டுவதற்குப் பயன்படுத்தும் எழுத்தே பெயருக்குள்ளும் வரலாம் என்றால் இது நடந்தே தீரும்.

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் முக்காற்புள்ளியை வைத்து ஒட்டுகிறது. ஆனால் சூழல் மாறிகளின் (இயங்குதளம் வழியாகச் செயலிக்குக் கொடுக்கும் மதிப்புகள்) பெயரில் முக்காற்புள்ளியை எல்லா இடத்திலும் வைக்க முடியாது. அதனால் அங்கே இரட்டை அடிக்கோடு எழுதினால் அதை முக்காற்புள்ளியாக மாற்றிக்கொள்கிறது. லினக்ஸ் கெர்னலின் செட்டிங்ஸை மாற்றும் சிஸ்கன்ட்ரோலில் ஒட்டும் எழுத்து புள்ளி. நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயரிலேயே புள்ளி இருந்தால்? உதாரணமாக ஈத்0.100 என்ற விலேன் (ஒரே இணைப்பில் பிரித்த தனி நெட்வொர்க்). அப்போது பெயருக்குள் இருக்கும் புள்ளியைச் சாய்கோடாக மாற்றி எழுத வேண்டும் என்று அவர்கள் விதி வைத்திருக்கிறார்கள். ஆக இது எல்லோருக்கும் வந்த தலைவலிதான். ஃபிளாஸ்க் நீட்சிகள் ஒற்றை அடிக்கோட்டுப் பெயர்களைத்தான் கேட்கின்றன என்பதால் ஒட்டும் எழுத்தை மாற்றும் சுதந்திரம் எனக்கு இல்லை. மோதலைத் தடுக்க முடியாது. ஆனால் கண்டுபிடித்து நிறுத்த முடியும். ஒரே கோப்பில் ஒரே தட்டைப் பெயர் இரண்டாம் முறை வந்தால், இரண்டு பாதைகளையும் சொல்லிவிட்டுச் செயலி நின்றுவிடுகிறது.

இதற்கு உடன்பிறப்பான இன்னொரு ஓட்டை: ஒரே கோப்பில் மெயில் என்ற பகுதியை இரண்டு இடத்தில் எழுதினால் யாமலைப் படிக்கும் பைதான் லைப்ரரியான பை-யாமல் ஒன்றும் சொல்வதில்லை, கடைசியில் இருப்பதை எடுத்துக்கொண்டு முதல் பகுதியை முழுதாக விட்டுவிடும். பெயர்கள் திரும்ப வரக்கூடாது என்று யாமல் விதியே சொல்கிறது, இருந்தும் இப்படி. பை-யாமலின் சேஃப்லோடர் வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்பு எழுதி, அகராதி கட்டும் இடத்தில் பெயர் திரும்ப வருகிறதா என்று பார்க்க வைத்தேன். பத்துப் பன்னிரண்டு வரி வேலை.

இப்போது எஸ்டிடி (தொலைபேசி எண்ணின் ஊர்க் குறியீடு) விவகாரம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ரசீதின் தலைப்பில் கிளையின் தொலைபேசி எண் அச்சாகும். கோவைக் கிளையின் ரசீதில் 0422 இருக்க வேண்டிய இடத்தில் 274 என்று வந்தது. சேலத்தில் 0427க்கு 279. மதுரையில் 0452க்கு 298. நாமக்கல்லில் மட்டும் 04286 என்று சரியாக இருந்தது. நாமக்கல் சரியாக இருந்ததுதான் என்னை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. அச்சு வார்ப்புருவில் கோளாறு என்றால் எல்லாக் கிளையிலும் வர வேண்டும். டேட்டாபேஸில் கோளாறு என்றால் எண்களுக்குள் இப்படி ஒரு ஒழுங்கு இருக்காது.

274ஐ எட்டின் அடுக்காக எழுதிப் பார்த்தபோது புரிந்தது. 4 முறை 64, 2 முறை 8, அதோடு 2. கூட்டினால் 274. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை யாமல் 1.1 விதி எண்ம முறை எண்ணாகப் படிக்கச் சொல்கிறது. பை-யாமல் இன்னும் அந்த 1.1 விதியைத்தான் பின்பற்றுகிறது. எண்ம முறையில் 8 என்ற இலக்கமே கிடையாது. 04286இல் 8 இருப்பதால் அது எண்ணாகவே ஏற்கப்படாமல் சரமாக நின்றுவிட்டது. நாமக்கல் தப்பித்தது அந்த ஒரு 8ஆல்.

கடை நேரத்திலும் இதே போல. மூடும் நேரம் 21:00 என்று எழுதியது 1260 ஆகியிருந்தது. 1.1 விதியில் முக்காற்புள்ளியிட்ட எண்கள் அறுபதின் அடுக்கு: 21 முறை 60. திறக்கும் நேரம் 9:30 என்பது 570. ஒரு கிளைக்கு மட்டும் யாரோ 09:30 என்று எழுதியிருந்தார்கள். பூஜ்யத்தில் தொடங்கியதால் அது இந்த விதிக்குள் வராமல் சரமாகவே இருந்தது. ஒரே கோப்பில் ஒரு கிளையின் நேரம் எண், இன்னொன்றினுடையது எழுத்து.

2009இல் வந்த யாமல் 1.2 இந்த விதிகளைக் கைவிட்டது. அறுபதின் அடுக்கு இல்லை, நோ என்று எழுதினால் இல்லை என்ற மதிப்பாக மாறுவதும் இல்லை. ஆனால் அதற்கு மாறினாலும் எஸ்டிடிக்கு விடிவில்லை. 0422 அங்கே 422 ஆகிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். மேற்கோள் குறிக்குள் எழுதுவதுதான் எளிய வழி. டாமல் என்ற இன்னொரு கோப்பு வடிவத்துக்குப் போயிருந்தால் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைப் பார்த்ததுமே பிழை என்று சொல்லியிருக்கும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்களின் கோப்புகள் எல்லாம் ஏற்கெனவே யாமலில் இருந்ததால்தான் இங்கேயே தங்கினேன். மேற்கோள் குறி போடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால், சரம் வேண்டிய இடத்தில் எண் வந்தால் நிறுத்துமாறு வைத்துவிட்டேன். கிளைகள் அகராதிக்குள் இருப்பதற்கும் தனியாக ஒரு சோதனை உண்டு.

கடவுச்சொற்கள் கோப்பில் இருக்கக்கூடாது. அவை சூழல் மாறிகளிலிருந்து வர வேண்டும். இங்கே தட்டையாக்கியதன் பலன் கிடைத்தது. பெயர்கள் ஏற்கெனவே தட்டை, கேப்பிடல், அடிக்கோடு. முன்னால் செயலியின் பெயரை ஒட்டினால் அதுவே சூழல் மாறியின் பெயர். ஃபிளாஸ்க் 2.1இலேயே இதற்கு ஒரு வசதி இருக்கிறது. அது மதிப்பை ஜேசனாக (தரவை எழுதும் இன்னொரு வடிவம்) படிக்க முயலும். முடியாவிட்டால் சரமாக விடும். முழுக்க இலக்கங்களால் ஆன கடவுச்சொல் அதில் முழு எண்ணாக மாறிவிடும். ஃபால்ஸ் என்பதைச் சிறிய எழுத்தில் தொடங்கினால் இல்லை என்று பொருள், பெரிய எழுத்தில் தொடங்கினால் அது வெறும் சரம். காலியில்லாத சரம் பைதானுக்கு எப்போதும் ஆம்தான். ஒரு மதிப்பின் தோற்றத்தைப் பார்த்து அதன் வகையை ஊகிக்கும் பழக்கமே வேண்டாம் என்று அதை விட்டுவிட்டேன். சூழல் மாறியைச் சரமாகவே படித்து, தெரிந்த பெயர்ப் பட்டியலில் என்ன வகை எழுதியிருக்கிறதோ அதற்கு மாற்றுகிறேன். மாற முடியாவிட்டால் நிறுத்தம்.

பொதுக் கோப்பையும் லைவ் கோப்பையும் சேர்ப்பதில் ஒரு வரிசைக் கேள்வி இருந்தது. அடுக்காக இருக்கும்போதே சேர்த்துவிட்டுத் தட்டையாக்குவதா, தனித்தனியாகத் தட்டையாக்கிவிட்டுச் சேர்ப்பதா? முதலில் முதல் வழியைத்தான் செய்தேன். லைவ் கோப்பில் ஒருவர் மெயில் பகுதியின் எல்லா வரிகளையும் கமென்ட் ஆக்கிவிட்டு மெயில் என்ற தலைப்பை மட்டும் விட்டிருந்தார். யாமலில் அதற்குப் பொருள் வெறுமை. அந்த வெறுமை பொதுக் கோப்பின் மெயில் பகுதி முழுவதையும் விழுங்கியது. இரண்டாம் வழியில் அது மெயில் என்ற தனிப் பெயராக வரும். பட்டியலில் அப்படிப் பெயர் இல்லை, உடனே பிடிபடும். சேர்ப்பதும் ஒரு அகராதியை இன்னொன்றால் புதுப்பிக்கும் ஒற்றை வரி.

பட்டியல்களை நான் உடைப்பதில்லை. டாட்நெட்டில் பட்டியலின் ஒவ்வொரு உறுப்பும் 0, 1, 2 என்று தனிப்பெயர் பெறும். அடியில் இருக்கும் கோப்பில் மூன்று முகவரிகள், மேலே வரும் கோப்பில் ஒன்றே ஒன்று என்றால் முதலாவது மட்டும் மாறி மற்ற இரண்டும் அப்படியே தங்கிவிடும். நிர்வாகிகளின் மெயில் முகவரிப் பட்டியலில் இப்படி நடந்தால் வேலையை விட்டுப் போனவருக்கும் மெயில் போய்க்கொண்டிருக்கும். எங்களிடம் பட்டியல் முழுதாக மாறும், அல்லது மாறாது.

கடைசியாக ஒரு கட்டளை எழுதினேன். எல்லா செட்டிங்ஸையும் அச்சிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று காட்டும்: பொதுக் கோப்பா, லைவ் கோப்பா, சூழலா. பாஸ்வேர்ட், சீக்ரெட், டோக்கன் என்று பெயரில் வருபவற்றை மறைத்தேன். ஆனாலும் முதல் ஓட்டத்திலேயே டேட்டாபேஸ் கடவுச்சொல் திரையில் தெரிந்தது. டேட்டாபேஸ் முகவரி என்ற நீளமான சரத்துக்குள்ளேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பொதிந்திருக்கின்றன. பெயரில் அது தெரியாது. முகவரியைப் பிரித்து அந்தத் துண்டை மட்டும் மறைக்க வேண்டியிருந்தது. அந்தக் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றினேன்.

பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். நிரலின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்டிலிருந்து பழைய பைதான் கோப்பை எடுத்து, அதை ஏற்றினால் கிடைக்கும் அகராதியையும் புதிய வழியில் கிடைக்கும் அகராதியையும் பெயருக்குப் பெயர், மதிப்புக்கு மதிப்பு, வகைக்கு வகை ஒப்பிட்டேன். ஒரே ஒரு வேறுபாடு. மெயில் டைம்அவுட் புதியதில் 30 விநாடி, பழைய லைவ் கோப்பில் 300. எப்போதோ ஏதோ சோதனைக்காக மாற்றியதை யாரும் திரும்ப மாற்றவில்லை. 30ஐயே வைத்துக்கொண்டு, மூன்று பழைய நகல்களையும் நீக்கிவிட்டேன்.